பெருக்காத வீடு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். ஆறாம் வகுப்புப் பாதியிலேயே என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. எதை முன்னால் வைக்க வேண்டும், எதைப் பின்னால் வைக்க வேண்டும் என்பதெல்லாம் படித்தவர்களுக்குத்தான் வரும். கொஞ்சம் கோணலாகச் சொன்னால் நாத்தனாரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் கோணினால் பெற்ற மகள் மேலேயே பொறாமைப்பட்டதுபோல் ஆகிவிடும். யார் மேலும் குறை இல்லை என்றாலோ, பிறகு எதற்காகச் சொல்ல வந்தாய் என்று கேட்பீர்கள். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற சுபாவம் என்னுடையது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வீடு பெருக்குவதிலிருந்து.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் தூரப் பயணம் கிளம்பினால், போய்ச் சேர்ந்தார் என்ற சேதி வருகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கமாட்டார்கள். போனவரின் காலடியைப் பெருக்கித் தள்ளிவிட்டால் அவர் திரும்பி வர வழி இருக்காது என்பார்கள். மாயவரம் போனவர் என்றால் மத்தியானத்துக்குள் பெருக்கிவிடலாம், மெட்ராஸ் போனவர் என்றால் மறுநாள் காலையில் பெருக்கலாம். நான் போனது குவைத். என் மகள் தர்சினிக்கு அப்போது பால்பல் கூட விழவில்லை. என் கணவர் கலியமூர்த்தி, பக்கத்துத் தெருப் பெட்டிக்கடையின் போன் நம்பரை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டு, போன உடனே அடி என்றார். காகிதம் என்றால் தொலைந்துவிடும், கை தொலையாது என்று நானும் நினைத்தேன். போய் இறங்கிய வீட்டில் முந்தின நாள் விருந்து நடந்திருந்தது. பையைக் கீழே வைத்ததும் பாத்திரங்களைக் காட்டினார்கள். கழுவி முடித்து நிமிர்ந்தபோது உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. நம்பர் இல்லை.

அதனால் சேதி போகவில்லை. சேதி போகாததால் என் நாத்தனார் வேம்பு வீட்டைப் பெருக்கவில்லை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். என் மகளைத் தோளில் போட்டு வளர்த்தவள். வழக்கத்தை விட்டுவிட்டு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அவளுக்கும் பயம். வாசலில் நெல் அடித்த தூசியும், கடல் பக்கத்துக் காற்று கொண்டுவந்த மணலும், அடுப்புச் சாம்பலும் கூடத்தில் படிந்துகொண்டே இருந்தன, படியப் படிய என் காலடிகள் மட்டும் மூடாமல் அப்படியே தெரிந்தன என்பார்கள். உள்ளறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து தர்சினி தூங்கிய பாய்க்கு, பாயிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து திரும்ப ஒரு தடவை பாய்க்கு, பிறகு மறுபடி வாசலுக்கு. அறுப்பு முடிந்து வயல் காய்ந்து மறுபடி தண்ணீர் விட்டபோது, ஒரு காலையில் வேம்பு எழுந்து வந்து பார்க்க, அடுப்படியில் நான் உட்கார்ந்து டீ போட்டுக்கொண்டிருந்தேனாம். கிளம்பும்போது கட்டியிருந்த அதே ஊதாப் புடவை, முதுகில் அதே ஈரல் நிற மச்சம். வேம்பு கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்.

"சக்கரை போட்டாச்சா?"

"போட்டாச்சு அக்கா," என்றாளாம் அவள்.

வேறொருத்தியின் உதவியால் நான் நம்பரைக் கண்டுபிடித்து, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போனில் அழுதபோது, வேம்பு ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "அழுவாத தையலு. இங்க ஒரு குறையும் இல்ல. நின்னவ இருக்கா, பாத்துக்குறா." ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் பெயர் தையல்நாயகி. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் கேட்கலாம். ஊர் இரண்டு நாள் பேசியது. டீக்கடை சிங்காரவேலு, "ஆளு போனா எடம் காலியாக் கெடக்கணும்னு சட்டமா இருக்கு?" என்று கேட்டதோடு பேச்சு முடிந்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பின வீடுகள் ஒவ்வொன்றாக அதையே செய்யத் தொடங்கின. ஏர்போர்ட்டில் இறங்கியதும் பிள்ளைகள் போன் அடிப்பார்கள், வீட்டில் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் சேதி வந்துவிடும், சேதி வந்தால் பெருக்க வேண்டும். போன் அடித்து அடித்து ஓய, தாய்மார்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் வாசலில் பல் விளக்கிக்கொண்டு மகன் நிற்பான். போனவர், நின்றவர் என்று ஊரில் இரண்டு சொல் வந்தது. ரேஷன் கடை மிஷினில் நின்றவர்கள் கட்டைவிரலை வைத்தாலும் ரேகை விழுந்தது. பிறகு மிஷினை ஒருமுறை ஊதித் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசி மழைக்கு அவர்கள் வெளியே வரமாட்டார்கள். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது இரண்டும் அவர்களுக்கு ஆகாது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்களால் போக முடியாது. மற்றபடி சாவுக்கு முதலில் போய் நிற்பதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்காகத் திட்டு வாங்குவதும், பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிக்காகச் சண்டை போடுவதும் அவர்கள்தான். அவர்கள் உள்ள வீட்டில் துடைப்பம் எடுக்கமாட்டார்கள். குப்பையைக் கையால் பொறுக்குவார்கள். துடைப்பம் விற்கிறவர் எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

ஒரே ஒரு தடவை தவறு நடந்தது. சிங்காரவேலுவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தவன், தன் நாற்காலியில் தானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு கோபத்தில் வீட்டைப் பெருக்கிவிட்டான். ஒரு முறம் தூசிதான் வந்ததாம். அதை அவன் கொல்லையில் கொட்டினான். அப்புறம் எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை, பெண்டாட்டிக்கு எந்த மாத்திரை என்று தெரியவில்லை, அவளோ கொல்லையில் போய்ப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள். சீக்கிரமே அவன் திரும்பப் போய்விட்டான். போனவர்கள் வருகிறார்கள் என்றால் துடைப்பத்தை ஒளித்து வைக்க வேண்டும் என்று ஊரில் அதன் பிறகுதான் ஆயிற்று.

இதையெல்லாம் நான் போனில் துண்டு துண்டாகக் கேட்டேன். லீவு கேட்கும்போதெல்லாம் அங்கே மேடத்துக்குப் பிரசவம் வரும், இங்கே வீட்டுக்குத் தளம் போடுவார்கள். இப்ப வராதே என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். வருஷங்கள் அப்படியே போய், தர்சினிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, இந்தத் தடவை யார் சொன்னாலும் கேட்பதில்லை என்று கிளம்பினேன். எங்களில் பெண்ணைக் கொடுக்கும்போது தகப்பன் கையில் பெண்ணின் கையை வைத்து, தாய்தான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தாரை வார்ப்பது என்போம். அந்தத் தண்ணீரை ஊற்றத்தான் நான் போனேன். அதை ஊற்றிவிட்டால் பிறகு என்னைப் போ என்று யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குள் ஒரு கணக்கு.

குவைத் வீட்டில் என்னோடு வேலை பார்த்த ராபியத்து எங்கள் பக்கத்துக்காரிதான். என் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொடுத்தாள். "புள்ள, போய்ச் சேந்ததும் ஒரு போன் அடி. அதுவரைக்கும் உன் ரூமை நான் பெருக்க மாட்டேன்," என்றாள். சரி என்றேன்.

திருச்சியில் இறங்கியதும் கலியமூர்த்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "லீவு எத்தன நாளு?" வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் வந்து, "எப்ப வந்தே, எப்ப போறே?" என்று ஒரே மூச்சில் கேட்டார். அதற்குப் பிறகு எல்லோருமே அப்படித்தான் கேட்டார்கள், நடுவே மூச்சு விடாமல், வருவதும் போவதும் ஒரே வார்த்தை என்பதுபோல. ஊர் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மரங்கள் குட்டையாகவும் வீடுகள் உயரமாகவும் ஆகியிருந்தன. என் மனசில் இடதுபுறம் இருந்த அரிசி மில் வலதுபுறம் இருந்தது. நாய்கள் குரைக்கவில்லை, அவற்றுக்கு என்னைத் தெரிந்திருந்தது, அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றது அவள்தான்.

மஞ்சள் தண்ணீர் ஆட ஆட, தட்டுக்கு அந்தப் பக்கம் என் முகம் இருந்தது. என்னைவிட அவளுக்கு வயது சரியாக ஏறியிருந்தது. வெயில் பட்டு, சிரித்து, கோபப்பட்டு, எங்கே சுருக்கம் விழ வேண்டுமோ அங்கே விழுந்திருந்தது. எனக்கு ஏசியில் வெளுத்த முகம், பிளீச்சிங் தண்ணீரில் வெடித்த விரல்கள். அவள் சுற்றி முடித்ததும் தட்டிலிருந்து பொட்டை மட்டும் வேம்பு தொட்டு என் நெற்றியில் வைத்தாள்; நின்றவளுக்குத் தண்ணீர் ஆகாது அல்லவா.

"வா. எளச்சுப் போயிட்டே," என்றாள் அவள்.

பக்கத்தில் நின்ற என் மகள், "வாங்கம்மா. பயணமெல்லாம் நல்லா இருந்துதா? உக்காருங்க," என்றாள். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அம்மா, நீ ஏன் வெயில்ல நிக்கிறே, உள்ள வா," என்றாள்.

எனக்கு வாங்க, அவளுக்கு வா. போனில் பேசும்போது இந்த வாங்க என் காதில் விழுந்திருக்கிறது, மரியாதையாக வளர்த்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு வா நிற்கும்போதுதான் அதன் தூரம் தெரிந்தது.

கூடத்தில் எனக்குப் புதுக் கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, டேபிள் பேனை என் பக்கமே திருப்பி வைத்திருந்தார்கள். நம்ம தண்ணி உனக்கு ஒத்துக்காது என்று கடையிலிருந்து பாட்டில் தண்ணீர் வாங்கி அடுக்கியிருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்து குடித்த தண்ணீர் என்றால், அது அப்ப என்று சிரித்தார்கள். தர்சினிக்கு வாங்கி வந்த செருப்பு அவள் கால் விரல்களோடு நின்றுவிட்டது. "பரவாயில்லம்மா, அழகா இருக்கு," என்று அதை அலமாரியில் பார்வைக்கு வைத்தாள். உள்ளறையில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கலியமூர்த்தியும் சொல்லவில்லை. அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அங்கே மொசைக் தரையில் நடந்து நடந்து வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்து ஊரே சிரித்தது. "தரை கடிக்குமா தையலு?" என்றார் சிங்காரவேலு. எங்கள் வீட்டுத் தூசியில் எல்லோருடைய வெறுங்கால் தடத்துக்கும் நடுவே என் செருப்பின் அலை அலையான தடம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

அந்தத் தூசிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. இத்தனை வருஷம் பெருக்கித் துடைப்பதே பிழைப்பாக இருந்த கை இது. உட்கார்ந்தால் விரல் தானாக மடங்கி எதையோ பிடிக்கப் பார்க்கும். மூலைக்கு மூலை குனிந்து பார்ப்பேன். வேம்பு அதைக் கவனித்துவிட்டாள்.

"கைய மடியில வச்சுக்க தையலு. கொஞ்ச நாளைக்குத்தானே."

"தூசியா இருக்கே அக்கா."

"தூசி இல்லடி அது," என்றாள் வேம்பு, கோபமில்லாமல்.

பந்தக்கால் நட்ட அன்று சம்பந்தியம்மா வந்தார். காபி குடித்துக்கொண்டே, "தாரை வார்க்கிறது யாரு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

"நின்னவதான்," என்றார் கலியமூர்த்தி. "ஊர் வழக்கம். போனவங்களுக்கு முன் வரிசை."

"சோபா போட்டிருக்கு," என்றாள் வேம்பு என்னிடம். "பொன்னாடைக்கும் சொல்லியாச்சு. உன் பேரை மைக்குல ரெண்டு தடவ சொல்லுவாங்க."

"நான் பெத்தேன் அக்கா," என்றேன்.

"பெத்தது ரெண்டு பேருந்தான். நீ பெத்ததுக்கு அப்புறம் வச்ச காலடிதானே அவ," என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மா டம்ளரை வைத்துவிட்டு, "கைராசி உள்ளவங்க. எங்க வீட்ல சொன்னாங்க, அவங்க அரைச்ச மசாலாவாலதான் பொண்ணையே புடிச்சுப் போச்சுன்னு," என்று நின்றவளைப் பார்த்துச் சிரித்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். எல்லோரும் பந்தலுக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். பெரிய அண்டாவை எடுக்கப் போன நான் நெல் குதிருக்குப் பின்னால் துடைப்பத்தைப் பார்த்தேன். பழைய ஈர்க்குத் துடைப்பம். பிடியில் சுற்றியிருந்த துணி நான் கிளம்புவதற்கு முன்னால் நானே சுற்றியது. உள்ளறையில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கூடத்தின் மூலையில் ஒரு இழுப்பு இழுத்தேன். உள்ளே அவள் இருமினாள். இன்னொரு இழுப்பு இழுத்தேன். அவள் பூவைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள், சுண்டுவிரல் நுனி எங்கே விழுந்தது என்பதுபோல.

"பெருக்குறதுன்னா பெருக்கிடு," என்றாள் திரும்பாமலே. "வாசக்கதவ மட்டும் சாத்திக்க. காத்தடிச்சா சமைச்சு வச்சதுல விழும்."

"உனக்கு பயமா இல்லையா?"

"உனக்கு இருக்குற பயந்தான். ஒரே பயம், அங்க பாதி இங்க பாதி." பூவை மறுபடி எடுத்துக்கொண்டாள். "பெருக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடு. அங்க எப்படி இருக்கும்? நான் பாலத்தத் தாண்டினதில்ல."

சொன்னேன். திறக்க முடியாத ஜன்னல் உள்ள சமையலறையை, துணி காயப் போடுகிற மொட்டை மாடியை, மாடியிலிருந்து தெரிகிற இன்னொரு மொட்டை மாடியை, வெள்ளிக்கிழமை வரும் போனை, என் அறையை, அதில் ராபியத்துக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக இருந்த கட்டில்களை, குப்பை கொட்டுகிற கேட்டை. கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். ரோடு, அதில் கார் போகும் என்றேன்.

"அப்ப நீயும் பாலத்தத் தாண்டல," என்றாள்.

துடைப்பம் என் கையில்தான் இருந்தது. நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கிட்டத்தில் அவள்மேல் எங்கள் வீட்டு வாசனை அடித்தது, சாம்பலும் நெல்லுமாக.

"நாளைக்குத் தண்ணி ஊத்துனா உன் கைக்கு ஆகுமா?"

"ஆகாது. ஒரு செம்புத்தானே, விரலோட போயிடும்."

"நான் ஊத்துறேனே."

"எனக்கு ஒண்ணும் இல்ல. அவகிட்ட கேளு. அவ சரின்னா சரி."

அந்த நேரம் தையல்காரரிடமிருந்து ரவிக்கையை வாங்கிக்கொண்டு தர்சினி உள்ளே வந்தாள். "அம்மா," என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் திரும்பினோம். அவள் கண் என் கைத் துடைப்பத்துக்குப் போயிற்று. கத்தவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? அங்கயும் இதானே செய்றீங்க. குடுங்க. கட்டில்ல போய் உக்காருங்க." வாங்கிக்கொண்டு, அவள் பக்கம் குனிந்தாள். "கையக் காட்டு. ஐயோ, இது எப்ப? வலிக்குதா? ஏன் பேசாம இருந்தே நீ?"

"தர்சினி," என்றேன். "நாளைக்குத் தண்ணி நான் ஊத்தட்டுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள். "உங்க இஷ்டம்மா. நீங்க கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றாள். விருந்தாளி கடைசித் தோசையைக் கேட்டால் இப்படித்தான் சொல்வோம். அதே சிரிப்பு, அதே மரியாதை.

"இல்லம்மா," என்றேன். "சும்மாதான் கேட்டேன்."

மறுநாள் முன் வரிசையில், சோபாவில், பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். என் பெயரை மைக்கில் இரண்டு தடவை சொன்னார்கள். மடியில் பாட்டில் தண்ணீர். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிக்க, கலியமூர்த்தியின் கைமேல் தர்சினியின் கை இருக்க, நின்றவள் செம்பைச் சாய்த்தாள். முதலில் வந்தது தெளிந்த தண்ணீர். பிறகு கொஞ்சம் கலங்கலாக வந்தது, பிறகு வாய்க்காலில் முதல் தண்ணீர் வருமே, அந்த நிறத்தில் வந்தது. வேம்பு தன் புடவைத் தலைப்பால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை ஒற்றி எடுத்தாள். செம்பை வைத்தபோது நின்றவளின் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். தர்சினி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் மூடி வைத்துக்கொண்டாள், தாலி ஏறுகிறவரைக்கும். மண் படிந்த அந்த உள்ளங்கையோடுதான் என் மகள் இன்னொரு வீட்டுக்குப் போனாள். பாலம் வரைக்கும் நின்றவளும் கூடவே நடந்து போனாள், தர்சினி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு என்னிடம் வந்து, குனிந்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் நல்லா இரும்மா என்றேன். கார் போன பிறகும் பாலத்தின் இந்த முனையில் நின்றுகொண்டே இருந்தோம், அவளும் நானும்; எனக்குப் பாலத்தைத் தாண்டத் தடை எதுவும் இல்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

சரி, போய்விடுவோம், நமக்கென்று அங்கே ஒரு கட்டிலாவது இருக்கிறது என்று நினைத்த பிறகுதான் பெட்டியின் அடியில் கிடந்த போனைத் தேடி எடுத்தேன். ராபியத்துக்கு அடித்தேன்.

"தையலு? நீதானா?"

"நான்தான். வந்து சேந்துட்டேன், சொல்ல மறந்துட்டேன்."

"அடியே," என்றாள் மெதுவாக. "இப்ப சொல்றியே. நீ போன மறுநாளே இங்க மண்காத்து. கதவ மூடியும் ரூமெல்லாம் மண்ணு. உன் போன் வரட்டும்னு நான் பெருக்கல."

எனக்கு அவள் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். "என்ன செய்யுறா?"

"துணி மடிக்கிறா. நல்லா வேல செய்யுறா புள்ள, உன்னயவிட கொஞ்சம் சாந்தம். பாத்திரம் மட்டும் நான் கழுவிடுறேன். மேடத்துக்கு ஒண்ணும் தெரியல, தெரிஞ்சாலும் என்ன." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "வர வேணாம்னு சொல்லல தையலு. வந்தா எங்க படுப்பே?"

இதில் யாருடைய தப்பு என்று எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ராபியத்து பிரியத்தால்தான் பெருக்காமல் இருந்தாள். வேம்புவும் பிரியத்தால்தான். என்மேல் பிரியம் வைத்தவர்கள் எல்லோரும் பெருக்காமல் இருந்தார்கள், நான்தான் ஊரெல்லாம் பெருக்கிக்கொண்டே இருந்தேன். நான் இருந்த இடத்திலெல்லாம் இப்போது நான் இருக்கிறேன், என்னைத் தவிர. என் பயம் வேறு மாதிரி வளர்ந்தது. இந்த வீட்டில் கொசுவலைக் கட்டிலைச் சுற்றி என் செருப்புத் தடம் விழுந்திருக்கிறது. இங்கிருந்தும் நான் கிளம்பினால், வேம்பு மறுபடி பெருக்காமல் காத்திருப்பாள், பாட்டில் தண்ணீர் குடிக்கிற, முன் வரிசையில் உட்காருகிற, யாருக்கும் எதுவும் ஆகாத ஒருத்தி இந்தக் கூடத்தில் எழுந்து நிற்பாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

கிளம்புகிற காலையில் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் துடைப்பத்தைக் கேட்டேன்.

வேம்பு உள்ளறை வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "வேணாம் தையலு. கல்யாணம் நடந்த வீடு."

"என்னோடத மட்டுந்தான் அக்கா. செருப்புத் தடம் மட்டும்."

உள்ளே இருந்து அவளே எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு. கொடுக்கும்போது எங்கள் கைகள் பட்டன. என் வெடித்த விரலிடுக்கில் கொஞ்சம் தூசி நின்றது.

கட்டிலிலிருந்து தொடங்கினேன். வெறுங்கால் தடங்கள் கலையாமல், அலை அலையான தடத்தை மட்டும் ஒன்று ஒன்றாக, குனிந்து, பின்பக்கமாக நடந்தபடியே, கூடத்தைக் கடந்து, படியிறங்கி, பந்தல் பிரித்த வாசலைக் கடந்து, தெரு முனை வரைக்கும் பெருக்கிக்கொண்டு போனேன். போகிறவள் தன் காலடியைத் தானே பெருக்கிக்கொண்டு போவதை ஊர் அதுவரைக்கும் பார்த்ததில்லை. சிங்காரவேலு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். கலியமூர்த்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "போய்ச் சேந்ததும் போன் அடி," என்றார். சரி என்றேன். வாரிய தூசியை வாய்க்காலில் போட்டேன். கொஞ்சந்தான் இருந்தது, தண்ணீர் கலங்கக்கூட இல்லை.

ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. இப்போது காரைக்காலில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன், ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை. வீட்டில் நான் குவைத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள், ராபியத்து நான் வீட்டோடு தங்கிவிட்டதாக நினைக்கிறாள். இரண்டும் ஒரு விதத்தில் சரிதான். யாருக்கும் போன் அடிப்பதில்லை, யாரும் அடிப்பதும் இல்லை. அறையிலிருந்து கடைக்குப் போனாலும் என் காலடியைப் பெருக்கிவிட்டுத்தான் போகிறேன், வந்ததும் வந்த தடத்தைப் பெருக்குகிறேன். பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்தால் கையால் ஒரு தட்டுத் தட்டுவேன். யார் வீட்டுக்காவது போனால், கிளம்பும்போது துடைப்பம் கேட்பேன்; அதனாலேயே இரண்டாம் தடவை யாரும் கூப்பிடுவதில்லை. பரவாயில்லை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒருத்தி. இன்னொருத்திக்கு இடமில்லை.

இவ்வளவு நேரம் உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசியதில் இங்கேயும் கொஞ்சம் விழுந்திருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள், பெருக்கிவிட்டுப் போய்விடுகிறேன்.